ஓவர்டைம் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எட்டு வருடம் ஆபரேட்டராக இருந்தேன். நான்கு மாதத்துக்கு முன் லைன் லீடர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே 18 பேர். தமிழர், மலாய்க்காரர், நேப்பாளத் தொழிலாளர்கள் என்று எல்லோரும் உண்டு. இரண்டு பேர் என் நெருங்கிய தோழிகள். இன்னொருவர் 16 வருட அனுபவமுள்ள அக்கா. பதவி அவருக்குத்தான் வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். தோழிகள் இப்போது 'நீ மாறிட்டே' என்கிறார்கள். ஓவர்டைம் போடும்போதெல்லாம் சண்டை. சொன்ன வேலை சொன்னபடி நடப்பதில்லை, அதனால் பாதி வேலையை நானே உட்கார்ந்து செய்கிறேன். ரிஜெக்ட் (தரம் தேறாமல் ஒதுக்கும் பொருள்) கூடிவிட்டது என்று மேனேஜர் திட்டுகிறார். நல்ல தலைவியாக இருக்க என்ன கொள்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும்? கோர்ஸ் ஏதாவது போகலாமா? இல்லை, பழையபடி ஆபரேட்டராகவே போய்விடட்டுமா?
வாசகி, குளுகோர், பினாங்கு

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதிய எல்லாச் சிக்கலுக்கும் அடியில் ஒரே காரணம் இருக்கிறது. நீங்கள் எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள் என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஊகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருத்திக்கு ஓவர்டைம் கிடைத்தால் 'தோழி, அதான்' என்பார்கள். இன்னொருத்திக்குக் கிடைக்காவிட்டால் 'நேப்பாளக்காரி, அதான்' என்பார்கள். நீங்கள் மனதுக்குள் நியாயமாகத்தான் பிரித்திருப்பீர்கள். அது உங்கள் மனதுக்குள் இருக்கும்வரை யாருக்கும் பயனில்லை.

கண்டிப்பான லீடரோடும் ஆட்கள் ஒத்துப்போவார்கள், கனிவான லீடரோடும் ஒத்துப்போவார்கள். இன்றைக்கு என்ன செய்வார் என்று கணிக்க முடியாத லீடரோடுதான் யாராலும் வேலை செய்ய முடியாது. அதனால் கொள்கை என்று நீங்கள் கேட்பதற்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: முடிவின் அடிப்படையை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள், உங்களுக்கு வசதியில்லாத நாளிலும் அதிலிருந்து நகராதீர்கள். இதை எங்கே தொடங்குவது என்றால், சந்தேகமில்லாமல் ஓவர்டைமில்தான்.

ஏன் அங்கே? கணக்கைப் பாருங்கள். மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) அடிப்படைச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு, அதை 26 நாளால் வகுத்தால் நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு. 8 மணி நேர வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. சாதாரண வேலை நாளில் ஓவர்டைமுக்குச் சட்டம் சொல்லும் ஒன்றரை மடங்கு போட்டால் மணிக்கு 12 வெள்ளி 26 காசு வருகிறது. மாதம் 60 மணி நேரம் கிடைத்தால் சுமார் 735 வெள்ளி. வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளையின் டியூஷன் எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. இதில் பாரபட்சம் இருப்பதாக ஒருவர் நினைத்துவிட்டால், நீங்கள் மற்ற எதில் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் மனதில் ஏறாது.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சட்ட எல்லைகள் சில உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48-லிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அவசர நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் வேலை வாங்கக்கூடாது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தவருக்குக் குறைந்தது 30 நிமிட ஓய்வு வேண்டும். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு ஓவர்டைம் கூலி சட்டப்படியான உரிமை. சம்பளம் அந்த எல்லைக்குள் இருந்தால் உங்களுக்கும் அப்படித்தான். மாதக் கடைசி வாரத்தில் மேனேஜர் 'இன்னும் மூணு நாள் ஆள் போடு' என்று கேட்கும்போது, யார் 90 மணியைத் தாண்டிவிட்டார் என்பது உங்கள் கையிலுள்ள தாளில் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

இப்போது அந்தத் தாள். ஏ4 காகிதத்தில் 18 பெயர்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: எந்தெந்த ஸ்டேஷனில் வேலை செய்யத் தெரியும், இந்த மாதம் எத்தனை மணி கேட்கப்பட்டது, எத்தனை மணி செய்தார், எத்தனை மணி வேண்டாம் என்றார். பெரும்பாலான லீடர்கள் செய்த மணியை மட்டும் எழுதுவார்கள். சண்டை அங்கேதான் பிறக்கிறது. மூன்று முறை கேட்டு மூன்று முறையும் வேண்டாம் என்ற ஒருவர், மாதக் கடைசியில் 'எனக்கு எட்டு மணிதான் கிடைச்சிச்சு' என்று நிற்பார். 'கேட்கப்பட்டது' என்ற கட்டம் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

விதி ஒன்றே ஒன்று. அந்த ஸ்டேஷனில் வேலை தெரிந்தவர்களில், கேட்கப்பட்ட மணி யாருக்குக் குறைவோ அவரை முதலில் கேட்பது. மறுத்தால் அதையும் எழுதிவிட்டு அடுத்தவரைக் கேட்பது. அடுத்த வாரத்துப் பட்டியல் புதன்கிழமை மதியத்துக்குள் சுவரில் இருக்க வேண்டும். இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முந்தின நாள் ஷிப்ட் முடிவதற்குள் இருவரும் வந்து உங்களிடம் சொல்ல வேண்டும். திடீரென்று ஆள் தேவைப்பட்டாலும் கேட்கப்பட்ட மணி குறைந்தவரைத்தான் முதலில் கேட்க வேண்டும், பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களை அல்ல.

வாட்ஸ்அப் குழுவில் 'சனிக்கிழமை நாலு பேர் வேணும்' என்று போட்டு, முதலில் கை தூக்கியவர்களை எடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். லைனில் நிற்பவரிடம் போன் இருக்காது, அந்த நேரம் பிரேக்கில் இருப்பவரிடம்தான் இருக்கும். வேகமாக வேலை செய்யும் ஒருத்தியையே எப்போதும் கூப்பிடுவதும் அப்படித்தான். அவள் களைத்துப்போவாள், மற்றவர்கள் கற்றுக்கொள்ளவே மாட்டார்கள். ஒரு ஸ்டேஷனில் வேலை தெரிந்தவர் ஒரே ஆள் என்று தாள் காட்டினால், அடுத்து யாருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதையும் அதே தாள் சொல்லிவிடும்.

தீபாவளி, தைப்பூச லீவுக்கும் இதே முறைதான். நீங்கள் தமிழர் என்பதால் இதில் எல்லோர் கண்ணும் உங்கள்மேல் இருக்கும். பெருநாள் நாளே பொது விடுமுறை. இழுபறி எல்லாம் முந்தின நாளுக்கும் மறுநாளுக்கும்தான். இரண்டு மாதம் முன்பே தாள் வையுங்கள். சென்ற வருடம் கிடைக்காதவருக்கு இந்த வருடம் முன்னுரிமை. நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நேப்பாளிகளின் தசாயின் பண்டிகைக்கும் இதே விதி என்று அந்தத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து தோழிகள். 'நீ மாறிட்டே' என்றால் 'இல்லையே, நான் அதே ஆள்தானே' என்று சமாதானம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள், அது உண்மையில்லை. உங்கள் வேலை மாறியிருக்கிறது, அதை நீங்களே முதலில் வாயால் சொல்லிவிடுவது நல்லது. லைனில் வேண்டாம், கேண்டினிலும் வேண்டாம். இருவரையும் வெளியே ஒரு கடையில் உட்கார வைத்துப் பேசுங்கள். 'ஏய், வேலையில ஓ.டி., லீவு, ரிப்போர்ட், இந்த மூணுலயும் உங்களுக்கும் மத்தவங்களுக்கும் நான் ஒரே மாதிரிதான் நடந்துக்கணும். ஆபீஸ் விஷயம் எங்கிட்ட கேக்காதீங்க, நானும் சொல்ல மாட்டேன். வெளியில நாம எப்பவும் போலத்தான்.' இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், அதிகாரத் தொனியும் வேண்டாம். ஒருத்தி கோபித்துக்கொண்டு சில வாரம் பேசாமல் இருக்கலாம். துரத்திப் போகாதீர்கள், வணக்கம் சொல்வதையும் நிறுத்தாதீர்கள்.

இங்கே இன்னொரு தவறு நடப்பதுண்டு. பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்ற பயத்தில் தோழிக்கு மற்றவர்களைவிடக் கடினமான வேலை கொடுப்பது. அதுவும் பாரபட்சம்தான். தாளில் அவள் பெயர் முதலில் வந்தால் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும், யார் என்ன சொன்னாலும்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தினமும் அதே இருவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் உங்கள் பட்டியல் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் நம்ப மாட்டார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வேறு மேசைகளில் உட்காருங்கள். லைனில் வேலைப் பேச்சு எல்லோருக்கும் புரியும் மொழியில், உங்கள் இடத்தில் மலாயில், இருக்கட்டும். நீங்களும் தோழியும் தமிழில் பேசிச் சிரித்தால், பக்கத்தில் நிற்கும் நேப்பாளப் பெண் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பாள். நம்மவர்கள் லைனில் மற்றவர்கள் சீன மொழியில் பேசிக்கொண்டால் நமக்கும் அப்படித்தானே தோன்றுகிறது.

அந்த மூத்த அக்காவின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பதவி கிடைக்காத வருத்தம் அவருக்கு இருக்கும். அதை நீங்கள் ஆற்ற முடியாது, ஆற்ற முயலவும் வேண்டாம். 'எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் நீங்கதான்' என்று பணிவுக்காகச் சொன்னால், நாளைக்கு நீங்கள் ஒரு முடிவு சொல்லும்போது அதே சொல் திரும்பி வரும். அவருக்கு உண்மையான பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள், அதற்கான அதிகாரத்தோடு. 'அக்கா, புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது உங்க பொறுப்பு. நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் அவங்களத் தனியா உட்கார வைப்பேன்.' இது வெறும் மரியாதைப் பேச்சாக இருக்கக்கூடாது. அவர் 'இன்னும் சரியில்லை' என்றால், அன்றைக்கு எத்தனை ஆள் குறைந்தாலும் அந்தப் புது ஆளைத் தனியாக உட்கார வைக்காதீர்கள். முதல் முறை நீங்கள் அவர் சொல்லை மீறினால் அந்த ஏற்பாடே செத்துவிடும். 16 வருடக் கைப்பழக்கம் காகிதத்தில் இல்லாத எத்தனையோ விஷயங்களை வைத்திருக்கும். அது லைனுக்குக் கிடைக்க வேண்டிய சொத்து.

இனி ரிஜெக்ட். 'பாதி வேலையை நானே செய்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ரிஜெக்ட் கூடுவதற்கு அதுவே ஒரு காரணம் என்றால் வருத்தப்படாதீர்கள். நீங்கள் ஒரு ஸ்டேஷனில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம் மற்ற 17 பேரையும் யாரும் பார்ப்பதில்லை. அதோடு, வேலை தேங்கினால் லீடர் வந்து உட்கார்ந்துகொள்வார் என்று அந்த ஸ்டேஷன் ஆள் கற்றுக்கொள்கிறார். கழிப்பறைக்கு மாற்று, சாப்பாட்டு மாற்று, ஆள் வராத நாளில் வேறு ஆள் வரும்வரை, இந்த மூன்றுக்கு மட்டும் உட்காருங்கள். அதுவும் ஒரு தடவைக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம்.

மிச்சமாகும் நேரத்தில் ஒரு வாரம் எண்ணுங்கள். ரிஜெக்ட் ஒவ்வொன்றும் எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்கு, என்ன வகை என்று கோடு போட்டு வாருங்கள். மொத்த எண்ணிக்கை மேனேஜரிடமே இருக்கிறது. அதை வைத்து யாரையும் திட்டத்தான் முடியும், சரிசெய்ய முடியாது. பிரித்து எண்ணினால் அநேகமாக இரண்டு மூன்று இடத்தில்தான் குவிந்திருக்கும். ஷிப்ட் மாறிய முதல் அரை மணி, சாப்பாடு முடிந்து வந்த நேரம், புது ஆள் உட்கார்ந்த ஸ்டேஷன் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

ஆள் காரணம் என்று தெரிந்தால், அவருக்கு வேலையை யார், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள். இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில், அனுபவமில்லாத லட்சக்கணக்கானோரைத் தொழிற்சாலைகளுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தபோது, சூப்பர்வைசர்களுக்காக உருவாக்கிய பயிற்சி. டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி என்று பெயர். போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய் டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேரூன்றியது. இன்றைக்கும் லைனில் வேலை சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் கருத்து.

உங்கள் லைனில் எல்லோரும் போடும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பை வைத்தே பார்ப்போம். வேலையை முதலில் ஒரு தாளில் மூன்று பத்தியாகப் பிரிக்க வேண்டும். என்ன படி, அதில் எதைக் கவனிக்க வேண்டும், ஏன். படி: பட்டையை மணிக்கட்டில் கட்டுவது. கவனிக்க வேண்டியது: சட்டைக் கைக்கு மேலே இல்லாமல் தோலின்மேல் நேராகப் பட வேண்டும், விரல் நுழையும் தளர்ச்சி இருக்கக்கூடாது. ஏன்: தோலைத் தொடாத பட்டை உடம்பின் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்காது. அடுத்த படி: டெஸ்டரில் விரல் வைப்பது. கவனிக்க வேண்டியது: பச்சை விளக்கு வர வேண்டும், வராவிட்டால் உள்ளே போகக்கூடாது. ஏன்: வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தால் வெளியே தெரியாது.

அந்த 'ஏன்' பத்தியை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் மனிதக் கைக்குச் சுரீரென்று தெரியும். 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெட்டுப்போகும் சிப்புகள் இருக்கின்றன. அதாவது, அவர் ஒன்றுமே உணராமல் ஒரு போர்டைக் கெடுத்துவிட முடியும். அந்தப் போர்டு சில சமயம் டெஸ்டில்கூடத் தேறி, வாடிக்கையாளர் கையில் போய் நிற்கும். இதை ஒரு தடவை கேட்ட ஆபரேட்டர், வேர்க்கிறது என்று பட்டையைச் சட்டைக் கைக்கு மேலே ஏற்றிவிட யோசிப்பார். 'போடு என்றால் போடு' என்று மட்டும் கேட்டவர், நீங்கள் திரும்பியதும் ஏற்றிவிடுவார்.

தாள் தயாரானதும் சொல்லிக்கொடுப்பது நான்கு கட்டம். முதலில் ஆளைப் பதற்றமில்லாமல் நிறுத்தி, ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். எதிரே நிற்காமல் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். எதிரே நின்றால் இடது கை வலது கையாகத் தெரியும். இரண்டாவது, நீங்கள் மூன்று முறை செய்து காட்டுவது. முதல் முறை படிகளை மட்டும் சொல்லி, அடுத்த முறை கவனிக்க வேண்டியதைச் சேர்த்து, மூன்றாம் முறை காரணத்தையும் சேர்த்து. ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டினால் எதுவும் தங்காது. மூன்றாவது, அவர் செய்வது. முதலில் பேசாமல் செய்யட்டும், தப்பு வந்த உடனே கையை நிறுத்தித் திருத்துங்கள். பிறகு படி, கவனம், காரணம் மூன்றையும் அவரே சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். நான்காவது, தனியாக விட்டபின் யாரிடம் கேட்கலாம் என்று பெயர் சொல்லி, முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறை, மறுநாள் ஷிப்டுக்கு இரண்டு முறை போய்ப் பார்ப்பது.

'பாஹாம்?' (மலாயில் 'புரிந்ததா?') என்று கேட்காதீர்கள். 'பாஹாம்' என்றுதான் பதில் வரும், புரிந்தாலும் புரியாவிட்டாலும். ஊர்விட்டு வந்து, ஏஜெண்டுக்குக் கடன் வைத்திருக்கும் ஒருவர் புதிய லீடரிடம் 'புரியவில்லை' என்று சொல்வாரா? 'செய்து காட்டுங்கள்' என்பதுதான் கேள்வி. இது மொழி தெரிந்தவர்களுக்கும் பொருந்தும்.

தப்பு செய்தவரிடம் பேசுவதற்கும் அதே பயிற்சியில் ஒரு ஒழுங்கு உண்டு: நடந்ததைச் சேகரி, எடைபோட்டு முடிவெடு, செயல்படு, பலித்ததா என்று பார். இதில் முதலாவதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். உங்கள் தோழி வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நீ எப்பவுமே லேட்' என்பது குற்றச்சாட்டு, அதற்கு எதிர்க்குற்றச்சாட்டுதான் வரும். 'செவ்வாய்க்கிழமை 7:10, வியாழக்கிழமை 7:15. லைன் ஏழு மணிக்கு ஓடணும். என்ன ஆச்சு?' என்று தனியாக, தாழ்ந்த குரலில் கேளுங்கள். கேட்டுவிட்டு நிஜமாகவே வாயை மூடிக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து வரும் தொழிற்சாலை பஸ் பாலத்து ஜாமில் மாட்டியது என்றால் அது பஸ் ஏற்பாட்டில் இருக்கும் கோளாறு, நீங்கள் மேலே கொண்டுபோக வேண்டியது. வீட்டில் தாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் சில வாரத்துக்கு ஷிப்ட் மாற்ற முடியுமா என்று எச்ஆரிடம் கேட்கலாம். காரணமே இல்லை என்றால், அடுத்த வாரம் என்ன நேரத்துக்கு வருவாள் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்து, அடுத்த வெள்ளிக்கிழமை மறக்காமல் மறுபடி பேசுங்கள். சரியாக வந்திருந்தால் அதைச் சொல்லத்தான் முக்கியமாகப் பேச வேண்டும்.

பேசியதை அன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், நீங்கள் கண்ணால் பார்த்தது, அவர் சொன்னது, ஒப்புக்கொண்டது. 'சோம்பேறி', 'திமிர்' போன்ற சொற்கள் அதில் வரக்கூடாது. வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, ஒழுங்கீனத்துக்காக ஒருவரை வேலைநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ முறையான விசாரணை வேண்டும். அந்த விசாரணையில் முதலில் கேட்பது லைன் லீடர் என்ன பார்த்தார் என்பதைத்தான். நல்ல குறிப்பு குற்றமற்றவரைக் காப்பாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். வார்னிங் லெட்டர் கொடுப்பது எச்ஆர் வேலை. 'லெட்டர் கொடுத்துடுவேன்' என்று லைனில் மிரட்டாதீர்கள்.

எம்சி, அதாவது நோய் விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழ், எடுப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வேலையில் சேர்ந்து 2 வருடத்துக்குள் ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 வருடத்துக்குள் 18 நாள், 5 வருடமானவர்களுக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு சட்டப்படி உண்டு. மருத்துவமனையில் தங்கும் தேவை வந்தால் 60 நாள் தனியாக. எம்சியோடு வருபவரை எல்லோர் முன்னாலும் குத்திப் பேசினால், அடுத்த முறை காய்ச்சலோடு வந்து மெஷினில் கை வைப்பார்.

மெஷின் என்றதும் பாதுகாப்பு. யாராவது மெஷினின் பாதுகாப்பு மூடியைக் காட்டி 'கார்டு கழண்டிருக்கு' என்றால் 'இந்த லாட் (ஒரு தொகுதிச் சரக்கு) முடியட்டும்' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமை அதில் இருக்கிறது. நிறுத்துங்கள், டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள், சொன்னவருக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். கெட்ட செய்தி உங்களிடம் சீக்கிரம் வர வேண்டுமென்றால் கொண்டுவந்தவர் அடி வாங்கக்கூடாது.

ஷிப்ட் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றபடி பேசுங்கள்: நேற்றைய ரிஜெக்ட் எங்கே, இன்றைய எண்ணிக்கை எவ்வளவு, யார் எந்த ஸ்டேஷன், ஆபத்து ஏதும் உண்டா. நேற்று 'பார்க்கிறேன்' என்று நீங்கள் சொன்னது என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். முடியாது என்று பதில் வந்திருந்தால் அதையும். ஷிப்ட் மாறும்போது அடுத்த லீடரிடம் வாய்வழியாக மட்டும் ஒப்படைக்காமல், பாதியில் நிற்கும் லாட், கோளாறு காட்டும் மெஷின், வராத ஆள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, மெஷினருகே போய் நின்று காட்டுங்கள்.

மேனேஜர் திட்டும்போது, திட்டை அப்படியே கொண்டுவந்து லைனில் கொட்டாதீர்கள். ஒரு வாரம் எண்ணிய தாளோடு அவரைப் போய்ப் பாருங்கள். 'ரிஜெக்ட்ல பெரும்பகுதி இந்த ரெண்டு ஸ்டேஷன்ல வருது. ஒண்ணுல புது ஆள், பயிற்சி ஆரம்பிச்சிட்டேன். இன்னொண்ணுல போர்டைப் பிடிச்சு நிறுத்துற ஃபிக்ஸ்சர் தேஞ்சிருக்கு, டெக்னீஷியன் வேணும். ரெண்டு வாரத்துல மறுபடி எண்ணிக் காட்டுறேன்.' எந்த மேனேஜரும் இப்படிப் பேசுபவரை நீண்ட நாள் திட்டிக்கொண்டிருக்க மாட்டார். ஃபிக்ஸ்சரை மாற்றித் தராவிட்டாலும், பொறுப்பு எங்கே இருக்கிறது என்பது எழுத்தில் இருக்கும்.

கோர்ஸ் போகலாம், உங்கள் கைக்காசில் வேண்டாம். மலேசியத் தொழிலாளர்கள் 10 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டு நிறுவனத்துக்கு லெவியாகக் கட்டுகின்றன. அந்தப் பணத்திலிருந்து பயிற்சிக்கு அனுப்ப முடியுமா என்று எச்ஆரிடம் கேளுங்கள். உங்கள் தொழிற்பேட்டைப் பக்கமே, பிஎஸ்டிசி என்று எல்லோரும் சொல்லும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் 1989 முதல் இயங்குகிறது. 'தலைமைப் பண்பு' என்று பொதுவாகப் பெயர் வைத்த இரண்டு நாள் உற்சாக உரைகளைவிட, வேலை சொல்லிக்கொடுப்பது, பிரச்சினையைத் தீர்ப்பது, தொழிலாளர் சட்டம் ஆகியவற்றைப் பற்றிய சூப்பர்வைசர் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். போவதற்கு முன்னால் ஓவர்டைம் தாள் சுவரில் இருக்கட்டும். அதற்குக் கோர்ஸ் தேவையில்லை.

கடைசிக் கேள்விக்கு: ஆபரேட்டராகத் திரும்புவது அவமானமில்லை. கைவேலையில்தான் மனம் நிற்கிறது என்றால் அது மதிக்க வேண்டிய முடிவு. ஆனால் இப்போது எடுக்காதீர்கள், திட்டு வாங்கிய வாரத்தில் நிச்சயமாக எடுக்காதீர்கள். மேலே சொன்னவற்றில் ஓவர்டைம் தாள், ஒரு வார எண்ணிக்கை, தோழிகளோடு பேச்சு, இந்த மூன்றை மட்டும் முதல் மாதம் செய்யுங்கள். மற்றவை பிறகு வரட்டும். மூன்று மாதம் கழித்தும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு இறுகினால் எச்ஆரிடம் போய்ப் பேசுங்கள். அடிப்படைச் சம்பளம் குறையுமா, லீடர் அலவன்ஸ் எப்போது நிற்கும், சேவைக் காலம் தொடருமா, பழைய லைனா வேறு லைனா என்று நான்கையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.